சமூகத்தின் பங்களிப்பு, இருந்தால்

மார்ச் இருபத்தெட்டு. கோப்பு எண் பதினேழு.
களிமண்குண்டு பாசி எடுக்கும் பெண்கள் சங்கமும்
எங்கள் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் துறையும்
கைகோத்த திட்டம்.
கைகோத்த என்பது நான் போட்ட சொல்.
அறிவிக்கையில் இருந்தது கூட்டாண்மை.
அது என் வாயில் நுழையவில்லை.

மூன்று நாளில் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாவிட்டால்
மிச்சப் பணம் திரும்பிப் போகும்.
பணத்துக்கு வந்த வழி மறப்பதே இல்லை,
அதுவும் மார்ச்சில்.

'ரசீதெல்லாம் அவங்ககிட்டதான் இருக்கு மேடம்,'
என்றார் பேராசிரியர், வேறெங்கோ ஒரு கருத்தரங்கிலிருந்து.
ராமநாதபுரத்தில் இறங்கி
திருப்புல்லாணி தாண்டும் மினிபஸ்ஸில் ஏறினேன்.
கோப்பை மடியில் வைத்திருந்தேன்.
பக்கத்துக்காரி மீன்கூடையை வைத்திருந்தாள்.
இறங்கும்போது இரண்டுக்கும் ஒரே வாசனை.

சங்கத் தலைவி நம்புத்தாய்
அப்போதுதான் கரையேறியிருந்தார்.
அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள்.
மாதத்தில் அவ்வளவுதான் வேலை, அவ்வளவும் தண்ணீருக்கடியில்.
விரல்களில் சுற்றிய துணியை
ஒவ்வொன்றாய் அவிழ்த்துக்கொண்டே கேட்டார்:
'பில்லுதான வேணும்?'

பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தார்.
வள்ளம் வாடகை, பீடிக்கட்டின் மேல்தாளில்.
டீசல், பங்கின் சீட்டு, எண் அழிந்தது.
ஐஸ் விற்கிறவருக்குப் பான் அட்டை இல்லை,
பெயர் மட்டும் இருந்தது, அதுவும் பட்டப்பெயர்.
நான் தலையில் கை வைத்ததைப் பார்த்துவிட்டு
இன்னொன்றை எடுத்து நீட்டினார்.
நாற்பது பக்க நோட்டு.
'இது எங்க கணக்கு. சின்னவ எழுதுனது.'

படிக்க வந்த பிள்ளைக மூணு பேருக்குச் சோறு, ஒன்பது நாள்.
நீச்சத் தெரியாத பையனப் பிடிச்சுக்கிற ஒரு ஆளு, ரெண்டு நாள் பாசி போச்சு.
கூட்டமும் பயிற்சியும், பதினாலு பேரு, ஒரு பௌர்ணமி முழுக்க.
கேள்வித்தாளு, நூத்திப் பத்துக் கேள்வி, ஆளுக்கு அரை நாள்.
அளவுச் சட்டம் கடல்ல விழுந்தது, முங்கி எடுத்தது.
மறுபடி விழுந்தது.
கட்டக்கோரைக்கும் பக்கோடாப் பாசிக்கும் வித்தியாசம் சொன்னது.
மரிக்கொழுந்து எந்தப் பாருல விளையும்னு காட்டுனது

இந்தக் கடைசி வரிக்கு நேரே தொகை இல்லை,
ஒரு கோடு.
'அதுக்கு என்ன போடுறதுன்னு தெரியல,' என்றார்.

கூட்டினேன்.
ஒரு லட்சத்து எட்டாயிரத்து நானூறு.
நாங்கள் கொடுத்தது எழுபத்தையாயிரம்.
கால்குலேட்டரில் உப்புக்காற்று புகுந்திருக்கும் என்று
கையாலும் கூட்டினேன்.

எங்கள் படிவத்தில் ஏழாம் கட்டம் ஒன்று உண்டு:
சமூகத்தின் பங்களிப்பு, இருந்தால்.
எட்டு வருடமாக அதில் நானும்
கோடுதான் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தேன்.
என் கோட்டுக்குக் காரணம் அவசரம்.

இம்முறை எண்ணைப் போட்டேன்.
முப்பதாம் தேதி கோப்பு திரும்பி வந்தது.
ஓரத்தில் நிதி அலுவலரின் பென்சில்:
'பயனாளியின் பங்கு மானியத்தை மிஞ்சுகிறது. விளக்கம் தேவை.'

பயனாளி என்ற சொல்லுக்கு முன்னால்
மின்விசிறி சுற்றச் சுற்ற உட்கார்ந்திருந்தேன்.
முப்பத்தொன்று, மாலை நாலு மணி.
பிறகு எழுதினேன், அலுவலகத் தமிழில்,
கை நடுங்காமல்:
'திருத்தம். மேற்படி கோப்பில்
பயனாளி என வரும் இடங்களிலெல்லாம்
பல்கலைக்கழகம் எனப் படிக்கவும்.'
நோட்டின் நகலை இணைத்தேன்.
நகலில் அந்தக் கோடு
மூலத்தைவிட அழுத்தமாக விழுந்திருந்தது.

ஏப்ரல் பாதி. பதில் இல்லை.
பணம் திரும்பிப் போனதா என்றும் தெரியவில்லை.
நேற்று நம்புத்தாய் கூப்பிட்டார்.
பணத்தைப் பற்றிக் கேட்பார் என்று
பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.
'அந்த நோட்ட எப்பக் குடுப்பீங்க?
புதுப் பிள்ளைக வருதுகளாமே,' என்றார்.
'ரெண்டுக்கு நீச்சத் தெரியாதாம்.'